பிரான்சுவா லெமுவான்: வெர்சாய் விதானத்தை வரைந்தவர் ஏன் பேசப்படுவதில்லை?

விதானப்பித்தன் எழுதியது:

பதினெட்டாம் நூற்றாண்டின் பிரெஞ்சு வரலாற்று ஓவியத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் நாம் எல்லோரும் நேராக ழாக்-லூயி தாவீதிடம் போய் நின்றுவிடுகிறோம். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அந்த நாட்டின் மிகப் பெரிய விதான ஓவியங்களுள் ஒன்றை வரைந்து முடித்து, மன்னரின் முதன்மை ஓவியர் என்ற பதவியையும் பெற்று, அடுத்த ஆண்டே தன் உயிரைத் தானே போக்கிக்கொண்ட பிரான்சுவா லெமுவானைப் பற்றித் தமிழில் யாரும் விரிவாக எழுதி நான் பார்த்ததில்லை. ஆகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

லெமுவான் 1688 இல் பாரிசில் பிறந்தார். சிறுவயதிலேயே லூயி கலோஷ் என்ற ஓவியரிடம் மாணவராகச் சேர்ந்து பல ஆண்டுகள் பயின்றார். 1711 இல் அரச ஓவிய, சிற்ப அகாதெமியின் முதற்பரிசை வென்றார். வழக்கமாக இந்தப் பரிசு பெற்றவர்களை அரசு தன் செலவில் ரோமுக்கு அனுப்பிவைக்கும். ஆனால் ஸ்பானிய வாரிசுரிமைப் போர் கருவூலத்தை வறளச் செய்திருந்த காலம் அது என்பதால் அவரை அனுப்பப் பணமில்லை. 1718 இல் ஹெர்குலிஸ் காக்கஸைக் கொல்லும் காட்சியைத் தீட்டிக்கொடுத்து அகாதெமியின் முழு உறுப்பினரானார். இத்தாலியைப் பார்க்கும் வாய்ப்பு 1723 இல்தான், அதுவும் பிரான்சுவா பெர்ழே என்ற செல்வந்தரின் தயவில், அவருடைய பயணத் துணையாக வாய்த்தது. மற்றவர்கள் ரோமில் ஆண்டுக்கணக்கில் தங்கிக் கற்றதை இவர் முப்பத்தைந்து வயதில் சில மாதங்களில் கண்ணால் அள்ளிக்கொண்டு திரும்ப வேண்டியிருந்தது.

அந்தக் குறுகிய பயணத்தில் ரோமில் வரைந்த ‘ஹெர்குலிஸும் ஓம்ஃபலேயும்’ (1724) இப்போது லூவரில் இருக்கிறது. சிங்கத்தோலை அரசி போர்த்திக்கொள்ள, நூல் நூற்கும் கதிரைக் கையில் பிடித்தபடி வீரன் அவளையே பார்த்துக்கொண்டிருக்கும் அந்தப் படத்தில் வெனிஸ் ஓவியர்களின் தோல்நிறமும் ஒளியும் முழுமையாக இறங்கியிருக்கின்றன. பிறகு 1733 முதல் 1736 வரை வெர்சாய் அரண்மனைக் கூடம் ஒன்றின் விதானத்தில் ‘ஹெர்குலிஸின் தெய்வநிலை’. மொத்தம் 142 உருவங்கள். 1736 செப்டம்பரில் பதினைந்தாம் லூயி அதைப் பார்வையிட்டு லெமுவானை முதன்மை ஓவியராக நியமித்தார். 1737 ஜூன் 4 அன்று அவர் இறந்தார். ஐம்பது வயது நிரம்பவில்லை.

என் கேள்வி இதுதான்: இத்தனை உயரத்தை எட்டிய ஒருவர் ஏன் பதினான்காம் லூயியின் முதன்மை ஓவியர் லெப்ரனுக்கும் தாவீதுக்கும் நடுவே வரும் ஓர் அடிக்குறிப்பாக நின்றுவிட்டார்?

நிறக்கலவை எழுதியது:

விடை அவ்வளவு கடினமானதல்ல என்று நினைக்கிறேன். லெமுவான் வரலாற்று ஓவியர் என்ற பட்டத்தைத் தாங்கிய ஓர் அலங்கார ஓவியர். அகாதெமியின் தரவரிசையில் வரலாற்று ஓவியம் தலையாயது என்று 1667 இலேயே கலைக் கோட்பாட்டாளர் ஃபெலிபியன் எழுதி வைத்ததற்குக் காரணம், அது விவிலியத்திலிருந்தோ தொன்மத்திலிருந்தோ பண்டைய வரலாற்றிலிருந்தோ ஒரு மனித முடிவை எடுத்து, அதன் அறப்பொருளைப் பார்ப்பவர் மனத்தில் பதிய வைக்கும் என்பது. லெமுவானின் படங்களில் அந்த எடை எங்கே இருக்கிறது? ஓம்ஃபலே படத்தில் ஒரு வீரனின் வீழ்ச்சியைக் காட்ட வேண்டியவர் காதலின் இனிமையைக் காட்டிவிட்டு ஒதுங்கிவிடுகிறார்.

வெர்சாய் விதானத்தைப் பற்றி வால்டேரே இருமனமாகத்தான் எழுதியிருக்கிறார். பதினான்காம் லூயியின் காலத்தைப் பற்றிய தன் நூலில், அந்த விதானத்தின் அமைப்பால் லெமுவான் முந்தைய ஓவியர்களை விஞ்சியிருக்கலாம் என்று பாராட்டுகிறார். அதே மூச்சில், அது கர்தினால் ஃப்ளூரிக்குச் செய்யப்பட்ட முகத்துதி என்றும், பிரெஞ்சு மன்னரின் கூடத்தில் நான்காம் ஆன்றியைத் தெய்வநிலைக்கு உயர்த்திக் காட்டியிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும் என்றும் குத்துகிறார். அரசை நடத்திக்கொண்டிருந்த கர்தினாலின் முழுப்பெயர் ஆந்த்ரே-எர்க்யூல் த ஃப்ளூரி. ஹெர்குலிஸ் எப்படி வந்தான் என்று புரிந்துகொள்ள இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

விதானப்பித்தன் எழுதியது:

முகத்துதி என்பதை மறுக்கவில்லை. ஆனால் முகத்துதி இல்லாத அரண்மனை விதானம் ஒன்றை நீங்கள் ஐரோப்பாவில் காட்ட முடியுமா? அதே மாளிகையின் கண்ணாடிக் கூடத்தில் லெப்ரன் வரைந்தது முழுக்க முழுக்கப் பதினான்காம் லூயியின் போர் வெற்றிகள்தானே. ஒருவரைப் புகழ்ந்ததற்காக ஓவியத்தைத் தள்ளிவிட்டால் அந்த இரண்டு நூற்றாண்டுகளில் மிஞ்சுவது மிகக் குறைவு.

லெமுவானின் சாதனையை லெப்ரனோடு ஒப்பிட்டால்தான் புரியும். லெப்ரன் கண்ணாடிக் கூடத்தின் வளைவை முலாம் பூசிய சுதைச் சட்டங்களால் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தனிப் படத்தை வைத்தார். பார்ப்பவர் ஒன்றைப் பார்த்து முடித்துவிட்டு அடுத்ததற்கு நகர வேண்டும். லெமுவான் அந்தக் கட்டங்களைத் தூக்கி எறிந்தார். சுமார் 18 மீட்டர் நீளமும் 17 மீட்டர் அகலமும் கொண்ட பரப்பு முழுவதும் ஒரே வானம். சுவரும் கூரையும் சேரும் வளைவில் பளிங்குக் கட்டடம் ஒன்று தொடர்வதுபோல் வரைந்து, அதன் நான்கு மூலைகளிலும் வலிமை, நீதி, நிதானம், விவேகம் ஆகிய நற்பண்புகளை அமர்த்தி, அதற்கு மேலே கூரையே இல்லாததுபோல் திறந்துவிட்டார். நற்பண்பின்மீது கொண்ட காதல் வழிநடத்தத் தேரில் ஹெர்குலிஸ் மேலேறுகிறான். ஜூபிடரும் ஜூனோவும் அவனுக்கு மணமகளாக இளமையின் தெய்வமான ஹீபியை அழைத்து வருகிறார்கள். தேரின் கீழே அரக்க உருவங்களும் தீய குணங்களும் தலைகீழாக விழுகின்றன. இன்னொரு பக்கம் நினைவின் ஆலயப் படிகளில் அப்போலோ அமர்ந்திருக்கிறான்.

இத்தாலியில் இதற்கு முன்னோடிகள் உண்டு. ரோமில் பியெத்ரோ தா கோர்த்தோனா பர்பெரீனி மாளிகையில் 1630களில் செய்ததை லெமுவான் அறிவார். ஆனால் அவருடைய நிறங்கள் ரோமுக்குரியவை அல்ல, வெனிசுக்குரியவை. அதற்கு அந்த அறையே ஒரு காரணம். 1710 வரை அரண்மனைத் தேவாலயமாக இருந்த இடத்தைக் கூடமாக மாற்றியபோது, 1664 இல் வெனிஸ் குடியரசு பதினான்காம் லூயிக்குப் பரிசளித்த, வெனிஸ் ஓவியர் வெரோனேசேயின் ‘பரிசேயன் சீமோன் வீட்டு விருந்து’ என்ற பேரளவு ஓவியத்தை அதன் சுவரில் பொருத்தினார்கள். அறையின் மறுமுனையில் கணப்படுப்பின் மேலே வெரோனேசேயின் இன்னொரு படமும் இருக்கிறது. இரண்டு வெரோனேசேக்களுக்கு மேலே வரைய வேண்டிய நிலையில் ஓர் ஓவியர் கனத்த பழுப்பு நிழல்களைக் கொண்டுவந்தால் அறையே இருண்டுபோகும். லெமுவான் வெளிர்நீலத்தையும் முத்துச் சாம்பலையும் ரோஜா நிறத்தையும் எடுத்துக்கொண்டது வெறும் அலங்கார ருசியால் அல்ல. கீழே தொங்கும் படங்களோடு செய்துகொண்ட ஓர் உடன்பாட்டால்.

புதுவரவு எழுதியது:

இழை மிகவும் பயனுள்ளதாக இருக்கிறது, நன்றி. ஒரு சந்தேகம். ஈரச் சுண்ணப்பூச்சில் வரையும் முறையில் ஒருநாள் பூச்சு காய்வதற்குள் அந்தப் பகுதியை முடித்தாக வேண்டும் என்று படித்திருக்கிறேன். 142 உருவங்களை அப்படியா வரைந்தார்?

கித்தான்கடை எழுதியது:

இல்லை. இது கித்தானில் தீட்டிய எண்ணெய் வண்ணம். பெரிய கித்தான் துண்டுகளைக் கூரையோடு பசைபோட்டு ஒட்டிவிடும் முறையைப் பிரெஞ்சுக்காரர்கள் மரூஃப்ளாழ் என்பார்கள். காய்ந்தால் கல்லாக இறுகும் ஈயவெள்ளை கலந்த எண்ணெய்ப் பசையை இதற்குப் பயன்படுத்துவது வழக்கம். அதனால் கித்தான் தொய்ந்து கீழே பிரியாது. வடக்குக் குளிரும் ஈரமும் சுண்ணப்பூச்சு ஓவியத்துக்குப் பகை என்பதால் பிரான்சில் இந்த முறைக்கு நல்ல மதிப்பு இருந்தது.

எண்ணெய் வண்ணம் திருத்தத்துக்கு இடம் தரும் என்பது இன்னொரு வசதி. ஆனால் அந்த வசதியே தண்டனையும் ஆகும். சுண்ணப்பூச்சில் வரைபவர் அன்றைய பகுதி காய்ந்ததும் அதை மறந்துவிட்டு இறங்கிவிடலாம். எண்ணெயில் வரைபவர் ஒரு தோளின் சாய்வு கீழிருந்து பார்க்கும்போது சரியாகத் தெரியவில்லை என்றால் மறுபடி மறுபடி ஏறிக்கொண்டே இருப்பார். எழுத்தோவியன் ஒருவனாகச் சாரத்தில் நின்று பதாகை எழுதியிருக்கிறேன். முகத்துக்கு நேராக இருக்கும் ஓர் எழுத்து தெருவிலிருந்து எப்படித் தெரியும் என்று ஊகிப்பதே எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியும். மூன்றாண்டுகள் தலையை அண்ணாந்தபடி இதைச் செய்த உடல் என்ன ஆகியிருக்கும் என்பதையும் இந்த விவாதத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தயாரிப்பு ஓவியங்களைப் பார்த்தால் அவருடைய உழைப்பு இன்னும் தெளிவாகும். நீலநிறத் தாளில் கருஞ்சுண்ணத்தால் உருவத்தைக் கட்டி, வெண்சுண்ணத்தால் ஒளியை எழுப்பும் அவருடைய தனி உருவப் பயிற்சிகள் ஏராளமாக லூவரில் இருக்கின்றன. கை ஒன்று, திரும்பிய தலை ஒன்று, துணி மடிப்பு ஒன்று என ஒவ்வொன்றும் தனித்தாள். ‘அலங்கார ஓவியர்’ என்று நிறக்கலவை அவர்கள் சொன்னதை நான் மரியாதையோடு மறுக்கிறேன். வெறும் அலங்காரத்துக்கு இவ்வளவு உடற்கூற்றுப் பயிற்சி யாரும் செய்வதில்லை.

நிறக்கலவை எழுதியது:

உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. கேள்வி, அந்த உழைப்பு எதற்காக என்பது. 1727 ஆம் ஆண்டுப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அரசுக் கட்டடங்களின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஆந்தென் கோமகன், வரலாற்று ஓவியத்தைத் தூக்கி நிறுத்துவதற்கென்றே அகாதெமி ஓவியர்களுக்கு நடத்திய போட்டி அது. படங்கள் லூவரின் அப்போலோ கூடத்தில் வைக்கப்பட்டன. லெமுவான் ‘சிப்பியோவின் தன்னடக்கம்’ என்ற ரோமானிய வரலாற்றுக் காட்சியைத் தந்தார். சிறைப்பட்ட அழகியைத் தளபதி அவளுக்கு நிச்சயிக்கப்பட்டவனிடமே திருப்பி ஒப்படைக்கும் கதை. அறப்பொருளுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. ஆனால் முடிவு என்ன? ‘ஓய்வெடுக்கும் டயானா’வை வரைந்த ழான்-பிரான்சுவா த த்ருவாவோடு முதற்பரிசைப் பகிர்ந்துகொள்ள நேர்ந்தது. பார்வையாளர்களில் பலருக்குப் பிடித்திருந்தது இவ்விருவர் படமும் அல்ல. நொயேல்-நிக்கோலா குவாப்பெல் வரைந்த ‘யூரோப்பாவைக் கவர்தல்’தான்.

எனக்கு இதில் தெரிவது இதுதான். ரோமானிய வரலாறு லெமுவானுக்குச் சொந்த நிலம் அல்ல. அந்தரத்தில் மிதக்கும் உடல்கள்தான் அவருக்கு வசப்பட்டவை. நின்றுகொண்டு முடிவெடுக்கும் மனிதரை வரையத் தெரிந்த தலைமுறை பிறகுதான் வந்தது.

விதானப்பித்தன் எழுதியது:

இந்த ஒரு புள்ளியில் உங்களோடு ஓரளவு உடன்படுகிறேன். நான்சி நகர அருங்காட்சியகத்தில் இருக்கும் சிப்பியோ படம் எனக்கும் சற்று நெரிசலாகத்தான் தெரிகிறது. தரையில் நிற்கும் கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் கலையில் அவர் சிறந்தவர் அல்லர். 1729 இல் வெர்சாயின் அமைதிக் கூடத்துக்கு வரைந்த ‘ஐரோப்பாவுக்கு அமைதியை வழங்கும் பதினைந்தாம் லூயி’யிலும் இளம் மன்னரின் உருவம் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கிறது. சேன்ட்-சுல்பீஸ் தேவாலயத்தில் அன்னை மரியாள் சிற்றாலயத்தின் குவிமாடத்தில் (1731-32) விண்ணேற்பை வரைந்தபோதுதான் அவருக்குக் காற்று கிடைத்தது. பிற்காலத்தில் அங்கே நேர்ந்த சேதங்களையும் திருத்தங்களையும் கழித்துப் பார்த்தாலும் அந்த மேகங்களின் சுழற்சி அவருடையதே.

ஆனால் அந்தரத்தில் உடல்களை நிறுத்துவது தாழ்ந்த கலை என்று யார் சொன்னது?

பழையபதிப்பு எழுதியது:

அவருடைய மரணத்தை யாரும் இன்னும் தொடவில்லை. வெர்சாய் விதானம்தான் அவரைக் கொன்றது என்று பல இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. அதைச் சற்று நிதானமாக அணுக வேண்டும் என்பது என் கருத்து.

வால்டேர் சொல்லும் காரணம் இரண்டு: சக ஓவியர்களின் பொறாமை, கர்தினால் தனக்குரிய கைம்மாறு தரவில்லை என்ற மனக்குறை. அவருடைய மாணவரும் விதானப் பணியில் உதவியவருமான தொனா நொன்னோத் தன் ஆசிரியரின் வாழ்க்கையை எழுதியிருக்கிறார். கேலூஸ் பிரபுவும் எழுதியிருக்கிறார். இந்தப் பழைய வரலாறுகளிலிருந்து தெரிவது, கடைசி மாதங்களில் அவர் மனம் நோயுற்றிருந்தது என்பதே. தம்மைப் பிடித்துச் செல்ல ஆட்கள் வருவதாக அஞ்சியிருக்கிறார். ரோமானிய வரலாற்றை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, அதில் மானத்துக்காக உயிர்விட்டவர்களின் சாவை வியந்தார் என்றும் ஒரு செய்தி உண்டு. இது பின்னாளில் மெருகேற்றப்பட்ட கதையாகவும் இருக்கலாம். வரலாற்று ஓவியருக்கு இவ்வளவு பொருத்தமான கதை கிடைத்தால் எந்த வாழ்க்கை வரலாற்றாசிரியரும் விடமாட்டார்.

உறுதியாகச் சொல்லக்கூடியது: அவரை ஆதரித்துவந்த ஆந்தென் கோமகன் 1736 நவம்பரில், அதாவது முதன்மை ஓவியர் பதவி கிடைத்து ஓரிரு மாதங்களுக்குள், இறந்துபோனார். அரசவையில் பதவி என்பது தாங்கும் தோள் இருக்கும்வரைதான். அதோடு லெப்ரன் அந்தப் பதவியில் பெற்றிருந்த அதிகாரத்தையும் வருவாயையும் தனக்கும் எதிர்பார்த்தவருக்குக் கிடைத்தது அதைவிட மிகக் குறைவு. மூன்றாண்டுக் களைப்பு, ஆதரவாளரின் இழப்பு, எதிர்பார்த்தது கிடைக்காமை, இவற்றுக்கு அடியில் ஒரு மனநோய். இதில் எதையேனும் ஒன்றை மட்டும் காரணமாக்குவது நியாயமாகப் படவில்லை.

அவர் கடைசியாக முடித்த படம் பெர்ழேக்காக வரைந்தது. முன்பு இத்தாலிக்கு அழைத்துப் போன அதே பெர்ழே. பொய்யிடமிருந்தும் பொறாமையிடமிருந்தும் உண்மையைக் காலம் மீட்பதுதான் அதன் பொருள். இறப்பதற்குச் சற்று முன்பு முடிக்கப்பட்ட அந்தப் படத்தை அவருடைய தற்கூற்றாகப் படிக்காதவர் யாருமில்லை. ஆனால் இது அக்கால ஓவியர்கள் பலர் கையாண்ட பழகிய உருவகம் என்பதையும் மறக்கக்கூடாது. அந்தப் படத்தில் கை நடுக்கமோ கலக்கமோ கொஞ்சமும் இல்லை. முதியவரான காலத்தின் உடலும் அவர் தூக்கிப் பிடித்த உண்மையின் வெளிர் உடலும் அவருடைய நல்ல படங்களில் இருப்பது போலவே தெளிவாக இருக்கின்றன.

புதுவரவு எழுதியது:

அப்படியானால் அவருக்குப் பிறகு அந்தப் பதவிக்கு யார் வந்தார்?

பழையபதிப்பு எழுதியது:

பத்தாண்டுகள் யாரும் வரவில்லை. 1747 இல்தான் ஷார்ல்-ஆந்த்வான் குவாப்பெல் நியமிக்கப்பட்டார். லெமுவானோடு பரிசைப் பகிர்ந்த த த்ருவா 1738 இல் ரோமில் உள்ள பிரெஞ்சு அகாதெமியின் இயக்குநராகப் புறப்பட்டுப் போய்விட்டார்.

விதானப்பித்தன் எழுதியது:

என் முதல் கேள்விக்கு நானே ஒரு விடையை முன்வைக்கிறேன், மற்றவர்கள் மறுக்கலாம்.

லெமுவான் இறந்தது ஜூன் 1737. அதே ஆண்டு ஆகஸ்டில்தான் லூவரில் அகாதெமியின் பொதுக் கண்காட்சி முறையாகத் தொடர்ந்து நடக்கத் தொடங்கியது. அதிலிருந்துதான் பாரிசில் பொதுமக்கள் படம் பார்க்கும் பழக்கமும், அதைப் பற்றிச் சிறுநூல்கள் அச்சாகும் வழக்கமும், பின்னால் திதெரோவின் விமர்சனங்களும் கிளம்பின. சார்தன், பூஷே, க்ரேஸ், தாவீது எல்லோரும் நமக்குத் தெரிந்திருப்பதில் அந்த எழுத்துகளுக்குப் பெரும் பங்கு உண்டு. லெமுவான் அந்தக் கதவு திறப்பதற்கு இரண்டு மாதம் முன்பே போய்விட்டார். அவரைப் பற்றிச் சண்டை போட்டு எழுத யாரும் இல்லை.

இரண்டாவது காரணம் இன்னும் எளியது. அவருடைய தலைசிறந்த படைப்பைக் கூரையிலிருந்து கழற்றி எந்தக் கண்காட்சிக்கும் அனுப்ப முடியாது. புத்தகத்தில் அச்சிட்டால் குழப்பமான மேகக்கூட்டமாகத் தெரியும். நடந்துகொண்டே பார்க்க வேண்டிய ஓவியம் அது.

நிறக்கலவை எழுதியது:

கண்காட்சி பற்றிய வாதம் நன்றாக இருக்கிறது, ஏற்கிறேன். இரண்டாவதை முழுமையாக ஏற்க இயலவில்லை. வெனிஸ் ஓவியர் தியெப்போலோவும் விதானங்களில்தான் வாழ்கிறார். அவரை யாரும் மறக்கவில்லையே. ஜெர்மனியில் வூர்ஸ்பர்க் மாளிகையின் படிக்கட்டு விதானத்தை 1750களில் வரைந்து முடித்தபோது தியெப்போலோவுக்கு ஐம்பத்தேழு வயதுக்கு அருகில். லெமுவானுக்கு அந்த வயதே வாய்க்கவில்லை. லெமுவானுக்கு ஒரே ஒரு பெரிய விதானம். தியெப்போலோவுக்கு ஒரு வாழ்நாள் முழுக்க விதானங்கள்.

அத்துடன், லெமுவானின் மாணவர்களே அவரை மறைத்துவிட்டார்கள் என்றும் சொல்லலாம். பூஷேயும் ஷார்ல்-ழொசேஃப் நத்துவாரும் அவரிடம் பயின்றவர்கள். முத்துநிறத் தோல், மேகத்தில் சாயும் பெண்ணுடல் என்று இன்று பூஷேயின் முத்திரையாக நாம் கருதும் பலவும் ஆசிரியரிடம் ஏற்கெனவே இருந்தவை. பூஷேயோ லெமுவானிடம் தான் இருந்தது சில மாதங்கள்தான் என்று சொல்லிவந்தார். 1765 இல் பூஷேயே மன்னரின் முதன்மை ஓவியரானார். அப்போது அந்த வகை ஓவியத்துக்கு எதிராகக் கிளம்பிய கசப்பில் ஆசிரியரும் சேர்த்தே அடிபட்டார்.

கித்தான்கடை எழுதியது:

நேரில் பார்க்கப் போகிறவர்களுக்காக ஒரு குறிப்பு. வெர்சாய் விதானம் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி 2001 வாக்கில் நிறைவடைந்த சீரமைப்புக்குப் பிறகு நல்ல நிலையில் இருக்கிறது. அதற்கு முந்தைய நிழற்படங்களை வைத்து நிறத்தை மதிப்பிட வேண்டாம். பாரிசிலேயே சேன்ட்-தொமா தக்கேன் தேவாலயத்தில் பலிபீடப் பகுதியின் கூரையில் ‘உருமாற்றம்’ இருக்கிறது, கூட்டமில்லாமல் பார்க்கலாம். இலண்டன் வாலஸ் சேகரிப்பில் ‘பெர்சியஸும் ஆந்த்ரோமெடாவும்’ (1723), காலம் உண்மையை மீட்கும் அந்தக் கடைசிப் படம் ஆகிய இரண்டும் இருக்கின்றன. முதலாவது இத்தாலிப் பயணத்துக்கு உரிய ஆண்டின் படம், மற்றது முடிவின் படம் என்பதால் இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பது நல்லது. வெர்சாயில் கூடத்தின் வாசலில் நின்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடாமல், வெரோனேசேயின் விருந்துக்கு முதுகைக் காட்டி நின்று ஒரு முறையும், கணப்படுப்புப் பக்கம் போய்த் திரும்பி ஒரு முறையும் பாருங்கள். வளைவில் வரைந்த பளிங்கு எந்த இடத்தில் நிஜப் பளிங்கோடு சேர்கிறது என்பதைக் கண்டுபிடிக்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது.